விட்டுப்போன லே

கச்சேரி ரோட்டில் தையல்கடை வைத்திருந்த நூர் முஹம்மது மகானாகிவிட்ட விஷயம் அவருக்குக் கடைசியாகத்தான் தெரியவந்தது. அதற்குள் எதிர்ச்சாரி காபி கிளப்பில் இரண்டு டிகாக்ஷன் இறங்கி, சேதி லஸ் முனை வரைக்கும் போய், கொஞ்சம் பருத்துத் திரும்பி வந்திருந்தது.

கொண்டுவந்தவர் காபி கிளப் கிச்சா. கல்லாவை விட்டு எழுந்திருக்காத மனுஷர், அன்றைக்குத் தெருவைக் கடந்து வந்தார். கையில் 'பொன்னேடு' வாரப் பத்திரிகை.

"பாய், ஒம்மப் பத்திரிகைல போட்டிருக்கான். நீர் இத்தனை பெரிய மனுஷர்னு தெரியாம நான் ஒருநாளும் ஒமக்கு டிகாக்ஷன் தூக்கலாப் போடலையேங்காணும்."

"இன்னா சாமி போட்டுக்கீறான்?" என்று கேட்டார் நூர் முஹம்மது. கேட்டாரே தவிர, அதற்குள் கை பத்திரிகைக்கு நீண்டுவிட்டது. அதற்குக் காரணம் உண்டு.

அது 1946-ஆம் வருஷத்து மார்கழி. யுத்தம் முடிந்தும் துணிக்கும் காகிதத்துக்கும் பஞ்சம் முடியவில்லை. பஞ்சமில்லாமல் கிடைத்தது கவிஞர் நெல்வாய் சுவாமிநாதன் ஒருவர்தான். வருஷத்தில் பாதி நாள் ரயிலிலேயே குடியிருந்து, ஊர் ஊராகப் போய்ப் பாட்டுப் படிப்பார். வழியில் கண்ட ஒரு காட்சியையும், அதன்மேல் கட்டிய இரண்டடிக் குறள் வெண்பாவையும் வாரம் தவறாமல் 'பொன்னேடு'க்கு அனுப்புவார். திண்டுக்கல் ஜங்ஷனில் தன் நிழலோடு சண்டை போட்ட சேவல், கொடைரோடு ஸ்டேஷனில் ஒரே குடைக்குள் மூன்று போர்ட்டர்கள் என்று அவர் கண்ணில் படாதது கிடையாது. அடுத்த வாரம் வாசகர்களின் 'எதிர்க்குறள்' வரும். குறளோடு நின்றார்களா என்றால் இல்லை. சேவலை ஒருவர் சர்க்கரைப் பாகில் வார்த்து அனுப்பினார். மாம்பலத்தில் காமாக்ஷி அம்மாள் என்று ஒரு வக்கீல் வீட்டு மாமி, மூன்று போர்ட்டர்களையும் குடையையும் வாசலில் கோலமாகவே போட்டுவிட்டாள். பார்க்கப் போனவர்கள் மிதித்தும் விட்டார்கள்.

நூர் முஹம்மதுவும் அந்தப் பைத்தியத்தில் ஒருவர். அது கிச்சாவுக்கே தெரியாது என்றால், எவ்வளவு ரகசியம் என்று பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முந்தி, பொத்தான் மடித்துக் கொடுக்கப் பழைய காகிதம் எடைக்கு வாங்கியபோது, அட்டை இல்லாத ஒரு யாப்புப் புத்தகம் அதில் வந்தது. பொத்தான்கள் அப்படியே கிடக்க, புத்தகம் மட்டும் மனப்பாடமாகிவிட்டது. பேசினால் 'கீது', எழுதினால் 'இருக்கின்றது' என்று இரண்டு ஆளாக அவர் வாழ ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். இரண்டு வருஷமாக வாரம் ஒரு எதிர்க்குறள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட அச்சேறவில்லை. காகிதப் பஞ்சத்தில் அவர் எழுதி அனுப்பியதெல்லாம் வாடிக்கைக்காரர்களின் அளவுச்சீட்டுக்குப் பின்பக்கத்தில். நெல்வாயார் கண்ணில் தன் குறள் ஒன்று பட்டுவிட வேண்டும், 'அட, இவனும் நம்ம ஆள்' என்று அந்த மனுஷர் ஒருதரம் நினைத்துவிட வேண்டும். நூர் முஹம்மதுவுக்கு இந்த உலகத்தில் இருந்த பேராசை அது ஒன்றுதான்.

ஆகவே, பத்திரிகையில் போட்டிருக்கிறான் என்றதும், தம் குறள்தான் வந்துவிட்டது என்று நினைத்தார். கிச்சா உரக்கப் படித்தார்.

மயிலாப்பூரில் மின்சாரம் நின்று டிராம் கால் மணி நேரம் நடுத்தெருவில் கிடந்ததாம். கவிஞர் ஜன்னல் வழியே ஒரு முஸ்லிம் தையல்காரரைப் பார்த்தாராம். கால் சக்கரத்தை மிதிக்கிறது, வலது கை துணியைத் தள்ளுகிறது, இடது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறது, உதடு அசைகிறது. தொழிலுக்கு நடுவே இறைவன் திருநாமத்தை இப்படி எண்ணிக்கொண்டிருக்கும் பக்தியைத் தாம் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை என்று எழுதி, கீழே குறள்:

காலோ சகடத்தில் கையோ துணிமேலே
நூலில் கோப்பான் இறை.

"நூல்ல மணியைக் கோக்கலாம், பூவைக் கோக்கலாம். நீர் பகவானையே கோத்துப்பிட்டீர் ஓய்" என்று கிச்சா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டிராம் நின்ற அன்றைக்கு நூர் முஹம்மது எண்ணியது இறைவன் பெயரை அல்ல. திண்டுக்கல் சேவலுக்கு ஒரு எதிர்க்குறள் கட்டிக்கொண்டிருந்தார். எண்ணியது தேமா, புளிமா என்கிற சீர்களை. வெண்பாவில் இந்தச் சீருக்குப் பின்னால் இந்தச் சீர்தான் வரலாம் என்று கணக்கு உண்டு. பிசகினால் 'தளை தட்டுகிறது' என்பார்கள். சட்டையில் தையல் விட்டுப்போன மாதிரி. அந்தக் கணக்கைத்தான் விரல் போட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. 'நூலில்' என்ற சீருக்குப் பின்னால் 'கோப்பான்' வரக்கூடாது. நெல்வாயாருக்குத் தளை தட்டியிருந்தது.

அன்றிலிருந்து கடைக்கு முன்னால் டிராம் நிற்கிறபோதெல்லாம் ஜன்னல் பக்கம் தலைகள் நெருக்கியடித்தன. அடையாற்றிலிருந்து ஒரு காலேஜ் வாத்தியார் தாம் வரைந்த படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் நூர் முஹம்மதுவுக்கு மார்பு வரை வெள்ளைத் தாடியும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் இருந்தன. அசலுக்கு இருந்ததோ ஒரு நறுக்கு மீசை. வாத்தியார் அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "பெரியவர் உள்ளே இருக்காரா?" என்று கேட்டார். காய்ச்சல் கண்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ஓதிய நூல் ஒரு முழம் கேட்டு வந்தார்கள். ஓதாத நூல்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, அந்த நூலையே வாங்கிப் போனார்கள். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் மிஷினை விட்டு எழுந்திருக்காதவர் என்று அவரை வருஷக்கணக்காகக் கடிந்துகொண்டிருந்த பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி அப்துல் கஃபார், வெள்ளிக்கிழமை நாலு பேர் நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்க அஞ்சு வேளைதான். பாய் மிதிக்கிற நேரமெல்லாம் திக்ர், அல்லா பேர்தான்" என்று சொல்லிவிட்டார்.

இதனால் நூர் முஹம்மதுவுக்கு நேர்ந்த கஷ்டத்தை யாரும் கேட்கவில்லை. கட்டைவிரல் ஒரு கணுவைத் தொட்டால் போதும், கடையில் இருக்கிறவர்கள் பேச்சை நிறுத்திக் கைகட்டி நின்றார்கள். நூறு கண் பார்க்கிறபோது தேமா எங்கே வரும்? மூன்று வாரமாக ஒரு குறள்கூட அவருக்குக் கட்ட வரவில்லை.

வீட்டில் ஜஹனாராவுக்கு மட்டும் உண்மை தெரியும். திருவல்லிக்கேணி உருதுக்காரர் குடும்பத்துப் பெண். கல்யாணமான புதிதில் புருஷன் 'புளிமா, புளிமா' என்று முனகக் கேட்டு, மசக்கை எனக்கா உங்களுக்கா என்று கேட்டவள். ஆனால் இந்த மூன்று வாரமாக ரேஷன் கடை வரிசையில் அவளுக்குப் பெண்கள் வழிவிட்டார்கள். மண்ணெண்ணெய்க்கு முதல் ஆளாக நின்று வாங்கி வந்தாள். அந்த ருசி லேசானதல்ல.

ஒருநாள் அவர் அளவுச்சீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு குறள் எழுதிக்கொண்டு வந்து அவளிடம் படித்துக் காட்டினார். மூன்று வாரத்தில் வந்தது அதுதான். விரலை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு கட்டியது.

எண்ணியது நாமமல்ல ஏழைநான் எண்ணியது
வெண்பாவின் சீரே அறி.

"அறிங்கறது கொஞ்சம் மரியாதக் கொறவு" என்று அவரே குற்றம் சொல்லிக்கொண்டார். "பெரியவரப் போயி அறின்னுட்டேன். ஆனா அங்க மரியாதைக்கு எடமில்ல. கடைசிச் சீருக்கு ஓரசதான் பாக்கி."

"இத அனுப்பினா ஊரு சிரிக்கும்" என்றாள் ஜஹனாரா. பிறகு, ரொம்ப நிதானமாக, "பதினாறு வருசமா அஸருக்குப் போங்க, போங்கன்னேன். போவல. இப்ப ஊரே கூடி உங்கள நல்லவராக்கி வெச்சுக்கீது. பேசாம அவங்க சொல்ற மாரியே ஆயிட்டுப் போங்களேன்" என்றாள்.

அதில் நியாயம் இருந்தது. அதுதான் தொந்தரவு. நூர் முஹம்மது சீட்டை மிஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் போட்டு மூடினார். மறுநாள் எடுத்தார், மூடினார். அனுப்பினால், பேர் போய்விடும். பேரோடு ஜஹனாராவின் வரிசையும் போய்விடும். அனுப்பாவிட்டால், நெல்வாயார் கடைசிவரை அவரை ஒரு காட்சியாகத்தான் பார்ப்பார்: திண்டுக்கல் சேவல் மாதிரி.

இப்படி இழுபறியாக இருக்கும்போது மாம்பலத்திலிருந்து கார்டு வந்தது. காமாக்ஷி அம்மாள் எழுதியிருந்தாள். நெல்வாயார் மயிலாப்பூர் சபா ஒன்றில் பாட்டுப் படிக்க வருகிறார். புதன்கிழமை நாலு மணிக்கு அவரைத் தன் காரிலேயே அழைத்துக்கொண்டு கடைக்கு வருவதாக உத்தேசம். பாய் அவர்கள் வழக்கம்போல் தைத்துக்கொண்டிருந்தால் போதும். வழக்கம்போல் என்பதன் கீழே கோடு போட்டிருந்தாள்.

புதன்கிழமை மூன்றரைக்கே கச்சேரி ரோட்டில் நடக்க வழியில்லை. கிச்சா வெள்ளி டம்ளரில் காபியோடு நின்றார். முத்தவல்லி அப்துல் கஃபார் சரிகை மாலையோடு வந்திருந்தார். வாத்தியார் படத்தை யாரோ சுவரில் மாட்டிவிட்டிருந்தார்கள். தாடிக்காரர் மேலே இருந்து மீசைக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஜஹனாரா இருந்தாள்.

காரிலிருந்து முதலில் காமாக்ஷி அம்மாள் இறங்கினாள். கவிஞர் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தார். கட்டையான ஆள், ரயில் கரி படிந்த ஜிப்பா. நூர் முஹம்மதுவின் கண் முதலில் ஜிப்பாவுக்குத்தான் போயிற்று. இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. பெட்டி தூக்கித் தூக்கி இறங்கிய தோள் என்று தெரிந்ததும் அவர் கை ஊசியைத் தேடியது.

காமாக்ஷி அம்மாள் ஒரு தலையணை உறையை விரித்துக் காட்டினாள். சிவப்பு நூலால் அந்தக் குறளைப் பூவேலையாகப் பின்னியிருந்தாள். இருபது நாள் வேலையாம். எல்லோரும் கேட்டுக்கொண்டதன்பேரில் நெல்வாயார் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு குறளை மோகனத்தில் இழுத்துப் பாடினார். ராகத்தில் இழுத்தால் எந்தத் தளையும் தட்டாது. ஆனால் விரலுக்கு ராகம் ஏது? நூர் முஹம்மதுவின் கட்டைவிரல் அவரைக் கேட்காமலே கணுக்களில் நடந்து, முதலடியைத் தாண்டி, இரண்டாம் அடியில் கால் வைத்து, 'நூலில்' என்ற இடத்தில் டக்கென்று நின்றது.

கூட்டம் பரவசத்தில் கண்ணை மூடியிருந்தது. கவிஞர் மட்டும் மூடவில்லை.

"பாய், விரல் ஏன் நின்னுது?"

"ஒரு சுத்து முடிஞ்சிருக்கும்" என்று அப்துல் கஃபார் விளக்கினார்.

நெல்வாயார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இந்தத் தடவை ராகமில்லாமல், கணக்குப் பிள்ளை படிக்கிற மாதிரி, ஒவ்வொரு சீராகச் சொன்னார். பார்வை அந்த விரலை விட்டு நகரவில்லை. விரல் நடந்தது. அதே இடத்தில் நின்றது. உடனே ஜிப்பாக் கைக்குள்ளிருந்து கவிஞருடைய கட்டைவிரல் வெளியே வந்து, தன் கணுக்களைத் தொட ஆரம்பித்தது. அதுவும் அதே இடத்தில் நின்றது. நூர் முஹம்மது அதைப் பார்த்தார்.

"தட்டுதா?" என்று கேட்டார் நெல்வாயார், தாழ்ந்த குரலில்.

"தட்டுதுங்க."

"அச்சுப் பிழையா இருக்கும்" என்றார் கவிஞர். பத்திரிகையை மடித்தார். "இல்லை. அச்சுக்கோக்கிறவன் மேல ஏன் பழி போடணும்? ரயில் ஆட்டத்துல எழுதினது. என் பிழைதான். எப்பக் கண்டுபிடிச்சீங்க?"

"படிச்ச அன்னிக்கேங்க." பேச ஆரம்பித்துவிட்டால் தையல்காரர் வாய் நிற்காது. "பெரிய வேல இல்லீங்க. ஒரு லே விட்டுப்போச்சு. நூலில்ங்கறத நூலிலேன்னு விட்டுத் தெச்சா ஒக்காந்துடும்."

"நூலிலே கோப்பான் இறை" என்று சொல்லிப் பார்த்தார் நெல்வாயார். இரண்டு கட்டைவிரல்களும் ஒன்றாக நடந்து ஒன்றாகக் கரை சேர்ந்தன. கவிஞர் சிரித்த சிரிப்பில் கிச்சாவின் கையிலிருந்த காபி ததும்பியது. கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மகானுக்கு ஞானதிருஷ்டியில் ஏதோ தெரிந்திருக்கிறது என்ற அளவில் அது மெய்சிலிர்த்துக்கொண்டிருந்தது.

அப்படியே விட்டிருந்தால் பேரும் தப்பியிருக்கும். நூர் முஹம்மதுவுக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் கை டிராயருக்குள் போய்விட்டது. பாபின்களுக்கு அடியிலிருந்து சீட்டை எடுத்துக் கவிஞரிடம் நீட்டினார்.

நெல்வாயார் முன்பக்கத்தைப் படித்தார். "மார்பு முப்பத்தாறு, தோள் பதினேழு, காலர் பதினஞ்சரை..." நிறுத்திவிட்டு அவரை வெறித்துப் பார்த்தார். "அடப்பாவி மனுஷா, அது நீங்களா? ரெண்டு வருஷமா யாரோ எனக்குச் சட்டை அளவு அனுப்பிக்கிட்டே இருக்காங்க. ஆபீஸ்லேர்ந்து கட்டுக் கட்டா எனக்குத் திருப்பிவிடறான். வாரத்துக்கு ஒரு மார்பு. எவனோ விலாசம் மாத்தி அனுப்பறான்னு நினைச்சேன்."

"பின்னால பாருங்க" என்றார் நூர் முஹம்மது.

கவிஞர் திருப்பினார். உதடு அசைந்தது, கட்டைவிரல் அசைந்தது. எங்கும் நிற்கவில்லை. படித்து முடித்த பிறகும் சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்து, சுவரில் இருந்த தாடியைப் பார்த்து, குனிந்து கேட்டார்: "இதை உரக்கப் படிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க."

நூர் முஹம்மது திரையைப் பார்த்தார். திரை அசையவில்லை. சரிகை மாலையைப் பார்த்தார். அது அப்துல் கஃபாரின் கையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"படிங்க" என்றார். "மெதுவாப் படிங்க. சீர் சீராக் கேக்கணும்."

நெல்வாயார் படித்தார். 'நாமமல்ல' என்ற இடத்தில் பின்வரிசைக்காரர்கள் நுனிக்காலில் எம்பினார்கள். 'வெண்பாவின் சீரே' என்ற இடத்தில் கிச்சாதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ இத்தனை நாளா நீர் எண்ணிண்டிருந்தது..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல், கொண்டுவந்த காபியைத் தாமே குடித்துவிட்டார். அப்துல் கஃபார் மாலையை யாருக்குப் போடுவது என்று புரியாமல் சற்று நின்று, கடைசியில் கவிஞர் கழுத்தில் போட்டார். காய்ச்சல் குழந்தையோடு வந்திருந்த ஒருத்தி, குழந்தை கையில் கட்டியிருந்த நூலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். காய்ச்சல் விட்டிருந்ததால் அவிழ்க்கவில்லை.

உண்மையாகவே இடிந்துபோனவள் காமாக்ஷி அம்மாள்தான். "இருபது நாள் பின்னியிருக்கேன். எல்லாம் நூலில்னு பின்னியிருக்கேனே" என்றாள்.

"அதுக்கென்னம்மா, இங்க குடுங்க" என்று தலையணை உறையை வாங்கி மிஷினில் போட்டார் நூர் முஹம்மது. கடைசி 'ல்' தலையிலிருந்த புள்ளியைப் பிரித்தார். அதற்கு முன்னால் ஒரு கொம்பு நிற்க இடம் வேண்டும், இடம் இல்லை. முன்னெழுத்தின் தையலை ஒரு மயிரிழை இளக்கி, அந்த இடுக்கில் ஒற்றைக் கொம்பை நுழைத்து, மேலே சுழித்துவிட்டார். ல் போய் லே வந்தது. கால் சக்கரத்தில் இருந்தது, கை துணிமேல் இருந்தது. பத்திரிகையில் வந்த காட்சி அப்படியே கண் முன்னால் நடந்தும், அன்றைக்கு அதை யாரும் கைகட்டிப் பார்க்கவில்லை. ஆளாளுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நூர் முஹம்மதுவுக்கு அந்தச் சத்தம் ரொம்பச் சுகமாக இருந்தது.

கிளம்பும்போது கவிஞரை நிறுத்தி, அவர் ஜிப்பாவின் இடது தோளையும் அரை அங்குலம் ஏற்றிக் கொடுத்தார்.

அடுத்த வாரப் 'பொன்னேடு'வில் எதிர்க்குறள் பக்கத்தில் அவர் குறள் வந்தது. அடியில், 'நூர் முஹம்மது, கச்சேரி ரோடு, மயிலை' என்று முழுப் பேர். நெல்வாயார் தம் பிழையையும் திருத்தத்தையும் ஒளிக்காமல் எழுதியிருந்தார். நூர் முஹம்மது பத்திரிகையை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது ஜஹனாரா மண்ணெண்ணெய் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"போச்சா?" என்றாள்.

"போச்சு."

"எங்க, படிங்க பாப்போம்."

படித்தார். அவள் தன் கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டு எண்ணினாள். ஒரு விரலுக்கு மூன்று கணு என்று கொண்டு, ஏழு சீருக்கு இரண்டு விரலும் ஒரு கணுவும் ஆயிற்று. "அவ்ளோதானா? இதுக்கா ரெண்டு வருசம்?" என்றவள், உள்ளே போகும்போது, "அஸருக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் போனார். மறுநாளும் போனார்.

ஒருநாள் தொழுகை முடிந்து கச்சேரி ரோட்டில் நடந்து வந்துகொண்டிருந்தார். ஓதி முடிக்காமல் பாக்கி இருந்த தஸ்பீஹை, இறைவன் திருநாமத்தை, நடந்துகொண்டே விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டு வந்தார். உதடு அசைந்தது. காபி கிளப் கல்லாவிலிருந்து கிச்சா கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"என்ன பாய், இந்த வாரம் எந்தக் காட்சிக்கு? எத்தனாவது சீர்ல நிக்கறீர்?"

"இது அது இல்ல சாமி. இது மெய்யாலுமே..."

"ஆமாமா, நம்பிட்டோம்" என்றார் கிச்சா. கடையிலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நூர் முஹம்மதுவுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அங்கேயே நின்று, கட்டைவிரலைச் சுண்டுவிரல் அடிக்கணுவில் வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.